கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் தீ பிடிக்காமல் இருக்க: பெட்டியைத் திறப்பது முதல் கழற்றி வைப்பது வரை

ஒரு ஜனவரியில் எங்கள் வீட்டு நட்சத்திரத்தைக் கழற்றி இறக்கியபோது, அதன் உள்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருந்தது. ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்து விரலால் தொட்டேன். காகிதம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே தொங்கிய குண்டு பல்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு வாரமாகக் காகிதத்தை உரசியபடியே எரிந்திருக்கிறது. அதற்குக் கீழேதான் நாங்கள் சாப்பிட்டோம், பாடினோம், பாய் விரித்துத் தூங்கினோம். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அலங்காரத்தைக் குறைத்துவிடவில்லை. வரிசையை மட்டும் மாற்றிக்கொண்டேன். முன்பு எது எங்கே இருந்தால் அழகு என்று பார்த்துவிட்டுக் கடைசியில் ப்ளக்கைத் தேடுவேன். இப்போது எது எங்கே சூடாகும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறேன். காகிதம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் பற்றிக்கொள்ளும். மெழுகுவர்த்திச் சுடரோ 1000 டிகிரியைத் தாண்டும். சுடர் அருகில் வந்தால் தீ பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சூடான பல்பு, லூஸான சாக்கெட், நசுங்கிய வயர் போன்றவை பல மணி நேரம், பல நாள் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் காகிதத்தையும் துணியையும் கருக்கும். கருகிய பொருள் புதியதைவிடச் சுலபமாகப் பற்றும். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இந்த மெதுவான வேலையைத் தடுப்பதற்காகத்தான்.

முதல் படி: விளக்குச் சரங்களைப் பகல் வெளிச்சத்தில் சோதியுங்கள்

சீரியல் லைட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் ப்ளக்கில் செருகி, எரிகிறதா என்று பார்ப்பதுதான் நம் வழக்கம். எரிகிற சரமெல்லாம் நல்ல சரம் என்று அர்த்தம் இல்லை. முதலில் ப்ளக்கில் செருகாமல் தரையில் நீளமாக விரித்துப் போடுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். மேலுறை வெடித்திருக்கிறதா, எலி கடித்த தடம் இருக்கிறதா, உள்ளிருக்கும் கம்பி தெரிகிறதா, பல்பு உட்காரும் குமிழ்கள் ஆடுகின்றனவா, எங்காவது பிளாஸ்டிக் உருகி நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அந்தச் சரத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஒரு இடத்தில் உறை வெடித்திருந்தால், அதே வயதான பிளாஸ்டிக்தான் மற்ற இடங்களிலும் இருக்கிறது.

பழைய சின்னக் குண்டு பல்பு சரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்பும் சில வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டது. நூறு பல்பு சேர்ந்து வீட்டு மின்சாரம் முழுவதையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பல்பு போனதும் மொத்தச் சரமும் அணைந்துவிடாமல் இருக்க, பல்புக்குள் இருக்கும் ஒரு நுண்கம்பி மின்சாரத்துக்கு வழிவிடும். சரம் தொடர்ந்து எரியும். ஆனால் போன பல்பின் பங்கை மீதிப் பல்புகள் சுமக்கின்றன. அவை கூடுதலாகச் சூடாகி, அடுத்தடுத்துப் போகும். அதனால் நாலைந்து பல்பு எரியாத சரத்தை, பரவாயில்லை மீதி எரிகிறதே என்று மரத்தில் சுற்றாதீர்கள். போன பல்பை அதே வோல்ட் பல்பால் உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் சரத்தையே விட்டுவிடுங்கள். பல்பை மாற்றும்போது ப்ளக் சுவரில் இருக்கக் கூடாது.

கண்ணால் பார்த்ததில் தேறிய சரங்களை வெறும் டைல்ஸ் தரையில் விரித்து, கால் மணி நேரம் எரியவிடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, ப்ளக்கையும் மினுமினுப்பை மாற்றும் சின்னப் பெட்டியையும் அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, பிளாஸ்டிக் வாடை அடித்தாலோ அந்தச் சரம் வேண்டாம்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் எல்.இ.டி. சரமே வாங்குங்கள். நூறு குண்டு பல்புச் சரம் ஒன்று 40 வாட் அளவுக்கு இழுக்கும். அதே அளவு எல்.இ.டி. சரத்துக்கு ஐந்து வாட்டை ஒட்டியே போதும். குண்டு பல்பு தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் மாற்றுகிறது. ஆனால் எல்.இ.டி. என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. மலிவான சரங்களில் வயர் தலைமுடிபோல் இருக்கும், ப்ளக்குக்குள் பியூஸ் இருக்காது. மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணைந்துவிடும் எம்.சி.பி. சுவிட்ச் சுவரில் இருக்கிறதே, அது காப்பாற்றும் என்று நினைக்கிறோம். அது வீட்டுச் சுவருக்குள் ஓடும் தடித்த வயரைக் காப்பாற்றுவதற்காகப் போடப்பட்டது. மெல்லிய சர வயர் சூடாகி உருகும் அளவுக்கு மின்சாரம் ஓடினாலும், அது எம்.சி.பி.க்குச் சாதாரண அளவாகவே தெரியலாம். எனவே உங்கள் நாட்டின் தரமுத்திரை, ப்ளக்கில் பியூஸ், வயரின் தடிமன் மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

கிறிஸ்துமஸ் மரத்தில் முதன்முதலாக மின்விளக்குப் போட்டவர் எடிசனோடு வேலை செய்த எட்வர்ட் ஜான்சன். 1882இல் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 சின்ன பல்புகளைக் கட்டினார். அதற்கு முன்பெல்லாம் மரக்கிளையிலேயே மெழுகுவர்த்தியைச் செருகி ஏற்றுவார்கள், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு ஆள் நிற்பார்கள். பல்பு வந்த பிறகு வாளி போய்விட்டது, பக்கத்தில் நிற்கும் ஆளும் போய்விட்டார். ஆள் இல்லாத இடத்தில் நம் சோதனைதான் காவல் நிற்க வேண்டும்.

இரண்டாம் படி: மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று வரைந்து பாருங்கள்

ஒரு துண்டுக் காகிதத்தில் அறையை வரையுங்கள். சாக்கெட் எங்கே, வாசல் எங்கே, மரம் எங்கே, திரைச்சீலை எங்கே என்று குறியுங்கள். மரத்தை முடிந்தவரை சாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரே தேவைப்படாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேவை என்றால், அதன் அடியில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் அது தாங்கும் வாட் கிடைக்கும். 230 வோல்ட் மின்சாரத்தில் 6 ஆம்பியர் பாக்ஸ் 1380 வாட் வரை தாங்கும். நாலு எல்.இ.டி. சரம் சேர்ந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூட வராது. ஆபத்து வேறு இடத்தில் வருகிறது. பண்டிகை நாள், வீடு நிறைய ஆட்கள், ஒருவர் அதே பாக்ஸில் இஸ்திரிப்பெட்டியையோ தண்ணீர் கெட்டிலையோ செருகுகிறார். 2000 வாட் கெட்டில் ஒன்றே அந்தப் பாக்ஸுக்கு அதிகம். அதனால் அலங்கார பாக்ஸில் காலியாக இருக்கும் துளைகளின் மேல் டேப் ஒட்டி, "விளக்குக்கு மட்டும்" என்று எழுதி வையுங்கள். வந்த விருந்தாளிக்கு இதை வாயால் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள். சுருளாக இருக்கும் எக்ஸ்டென்ஷனை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தங்கி, உறை இளகிவிடும். வயரைத் தரைவிரிப்புக்கு அடியிலோ, மூடும் கதவின் இடுக்கிலோ, சோபாக் காலுக்கு அடியிலோ கொண்டுபோகாதீர்கள். ஆணியோ ஸ்டேப்ளர் முள்ளோ அடித்து வயரை நிறுத்தாதீர்கள். ஒட்டும் பிளாஸ்டிக் கொக்கிகள் போதும்.

சரத்தோடு சரத்தைக் கோக்கும்போது அட்டைப்பெட்டியில் எத்தனை என்று போட்டிருக்கிறதோ அதோடு நிறுத்துங்கள். குண்டு பல்பு மினி சரங்கள் என்றால் மூன்றுக்கு மேல் கோக்கக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. எல்லாச் சரத்தின் மின்சாரமும் முதல் சரத்தின் மெல்லிய வயர் வழியாகத்தான் போகிறது என்பதை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும்.

மூன்றாம் படி: மரம்

நிஜ மரம் வைப்பவர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் செய்த எரிப்புச் சோதனைகளில், காய்ந்த மரம் ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் தீயாக மாறிவிட்டது. ஒழுங்காகத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருந்த மரத்தில் சின்ன நெருப்பு வைத்தால், வைத்த இடத்திலேயே அணைந்துபோனது. ஒரே வகை மரம்தான், வித்தியாசம் ஊசி இலைக்குள் இருந்த ஈரம் மட்டுமே.

வாங்கும்போது ஊசி இலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பச்சை மரத்தில் இலை எளிதில் கையோடு வராது. அடிமரத்தைத் தரையில் ஒருமுறை தட்டினால் பொலபொலவென்று கொட்டுகிற மரம் ஏற்கெனவே காய்ந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அடியில் 5 சென்டிமீட்டர் அளவுக்குப் புதிதாக அறுத்துவிடுங்கள். பழைய வெட்டில் பிசின் காய்ந்து அடைத்திருக்கும், தண்ணீர் ஏறாது. தாங்கியில் இருக்கும் தண்ணீர் வெட்டுமுகத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. ஒருமுறை வற்றினாலும் பிசின் மறுபடி அடைத்துக்கொள்ளும். முதல் சில நாளில் மரம் ஒரு லிட்டருக்கும் மேல் குடிக்கும், ஆச்சரியப்படாதீர்கள். தினமும் காலையில் தண்ணீர் பார்க்கும் வேலையை வீட்டில் ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். எல்லோருடைய வேலை என்று விட்டால் யாருடைய வேலையும் ஆகாது.

செயற்கை மரமாக இருந்தால் தீ எதிர்ப்பு உள்ளது என்ற குறிப்பு அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு எளிதில் பற்றாது என்றுதான் பொருள், எரியவே எரியாது என்று பொருள் இல்லை. எரிந்தால் பிளாஸ்டிக் விடும் புகை மிக மோசமானது. முழுக்க உலோகத் தகடாலான மரத்தில் மின்விளக்கே கட்டக் கூடாது. ஒரு வயர் உரிந்தாலும் மரம் முழுக்க மின்சாரம் பாயும். ஜிகினாச் சரங்களிலும் சிலவற்றில் உலோகம் உண்டு. அவற்றைப் பல்பு உட்காரும் குமிழைச் சுற்றி இறுக்காமல் தள்ளித் தொங்கவிடுங்கள்.

எந்த மரமானாலும் ஹீட்டர், கணப்பு அடுப்பு, மெழுகுவர்த்தி, வெப்பக்காற்றுத் துளை இவற்றிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். வாசலை அடைத்தோ, மாடிப்படியின் காலடியிலோ வைக்காதீர்கள். படத்துக்கு அழகாக இருக்கும் இடம் பெரும்பாலும் வாசலுக்கு எதிரேதான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மரம் பற்றிக்கொண்டால் அந்த வாசல் வழியாகத்தான் எல்லோரும் ஓட வேண்டும்.

நான்காம் படி: நட்சத்திரமும் குடிலும்

என் பழுப்புக் கறை வந்த இடம் இது என்பதால் இதில் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன். காகித நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு போடுங்கள். அதுவும் உள்ளே நடுவில் நிற்க வேண்டும். ஹோல்டரின் வயரையே தொங்கும் கயிறாகப் பயன்படுத்தினால் காற்றடிக்கும்போது பல்பு ஆடும், இணைப்பு லூஸாகும், லூஸான இணைப்பு சூடாகும். நட்சத்திரத்தைத் தனிக் கயிற்றில் கட்டி, வயரைத் தளர்வாக விடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் அன்றே கழற்றுங்கள்.

குடில் என்பது, யோசித்துப் பார்த்தால், அடுப்பு மூட்டத் தேவையான எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடம்: வைக்கோல், காய்ந்த புல், மரத்தூள், கசக்கிய காகித மலை, பனிக்காகப் பரப்பிய பஞ்சு, தெர்மாகோல். இதில் பஞ்சுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. அதன் இழைகளுக்கு நடுவே காற்று நிறைந்திருப்பதால், ஒரு முனையில் பொறி பட்டால் கண் மூடித் திறப்பதற்குள் மேற்பரப்பு முழுவதும் ஓடிவிடும். பஞ்சை விளக்கிலிருந்து விலக்கி வையுங்கள். பஞ்சே இல்லாமல் வெள்ளை மணலோ கல் உப்போ தூவினாலும் பனிபோலவே தெரியும், அவை எரியாது. ஸ்ப்ரே பனி அடிப்பதாக இருந்தால் டப்பாவில் உள்ள எச்சரிக்கையைப் படியுங்கள். பலவற்றில் உந்துவாயு எரியக்கூடியது. எல்லா விளக்கையும் சுடரையும் அணைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து அடித்து, வாடை போன பிறகே விளக்கை மறுபடி போடுங்கள்.

குடிலுக்குள் பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. சரம் போதும். வயர் இணைப்புகள் வைக்கோலுக்குள் புதையாமல் குடிலின் பின்பக்கம் வெளியே இருக்கட்டும். எவ்வளவு பக்தியோடு செய்தாலும், குடிலுக்குள் நிஜச் சுடரை வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மெழுகுவர்த்தி

மெழுகுவர்த்தியே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த வெளிச்சத்துக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்கத் தீ விபத்துக் கணக்குகளில் வீட்டு மெழுகுவர்த்தித் தீ மிக அதிகமாக நடக்கும் நாட்களில் கிறிஸ்துமஸ் முன்னணியில் இருக்கிறது. வழக்கமாக மெழுகுவர்த்தி வைக்கும் இடத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் காகிதமும் இலையும் ரிப்பனும் வந்து சேர்ந்துவிடுகின்றன.

சுற்றிலும் 30 சென்டிமீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்க வேண்டாம். மேலே தொங்குவதையும் கணக்கில் எடுங்கள், சூடு மேல்நோக்கித்தான் போகிறது. அகலமான, ஆடாத, எரியாத தட்டில் நிறுத்துங்கள். திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிவிட்டால் சுடர் உயரமாகத் துள்ளாது. அடி வரை எரியவிடாமல் இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். கண்ணாடிக் கிண்ணங்கள் வெடிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி நேரத்தில்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரம் ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் பச்சை இலை வளையத்தை, அதாவது திருவருகைக்கால வளையத்தை வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் ஞாயிறன்று ஏற்றிய மெழுகுவர்த்தியே நான்கு வாரமும் எரிகிறது. நான்காம் ஞாயிறு வரும்போது அதுதான் மிகக் குட்டையாகி, சுடர் இலைகளுக்குப் பக்கத்தில் வந்திருக்கும். அதே நாளில்தான் பச்சை இலைகள் மிகவும் காய்ந்திருக்கும். இரண்டும் ஒன்றாகக் கூடும் நாள் அது. பாதியில் மெழுகுவர்த்திகளைப் புதிதாக மாற்றுங்கள், அல்லது இலைகளை மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் இன்னும் நல்லது.

அறையை விட்டுக் கடைசி ஆள் வெளியேறினால் சுடரும் அணைய வேண்டும். சமையலறைக்கு ஒரு நிமிடம் போய்வருவதற்கும் இதே சட்டம்தான். சின்னக் குழந்தைகளோ பூனையோ இருக்கும் வீட்டில் பேட்டரி மெழுகுவர்த்தியே போதும். உருகிய மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நீராவியாகி எரியும் மெழுகை நாலாபுறமும் வாரி இறைக்கும். உலோக மூடியால் மூடி அணையுங்கள்.

வெளி விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாக: வெளியே பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் சரத்தை மட்டும் வெளியே போடுங்கள், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐ.பி.44 குறியாவது இருக்க வேண்டும். இணைப்புகள் தரையில் கிடக்காமல், தண்ணீர் தேங்காமல், உயரத் தொங்கட்டும். அந்த மின்சுற்றில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தினமும் இரவில்

புகை அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதிப்பதை அலங்காரம் தொடங்கும் நாளிலேயே செய்துவிடுங்கள். சமையல் புகைக்குக் கத்துகிறது என்று யாராவது பேட்டரியைக் கழற்றி வைத்திருப்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் பழைய அலாரம் என்றால் புதிது போடுங்கள்.

தூங்கப் போகுமுன், வெளியே கிளம்புமுன் எல்லா அலங்கார விளக்கும் அணைய வேண்டும். மறந்துவிடுவீர்கள் என்றால் டைமர் வாங்கிப் பொருத்துங்கள். எங்கள் வீட்டில் கடைசியாகப் படுப்பவர் அறை முழுக்க ஒரு சுற்று வருகிறார்: சுடர் எல்லாம் அணைந்ததா, பாக்ஸ் சுடுகிறதா, வழி திறந்திருக்கிறதா. ஒரு நிமிடம்கூட ஆகாது.

பற்றிக்கொண்டால்

மரமோ குடிலோ பற்றிக்கொண்டால் அணைக்கப் போராடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றுங்கள், போகும்போது அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். மூடிய கதவு தீயையும் புகையையும் தாமதப்படுத்தும். புகை சூழ்ந்தால் குனிந்து, தவழ்ந்து போங்கள், நல்ல காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும். வெளியே வந்த பிறகு தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். எதை எடுப்பதற்காகவும் திரும்ப உள்ளே போகாதீர்கள். வெளியே எல்லோரும் கூடும் இடத்தை முன்னதாகவே பேசி வைத்திருந்தால், யாராவது உள்ளே இருக்கிறார்களா என்ற குழப்பம் வராது.

ப்ளக்கிலோ பாக்ஸிலோ சின்னதாகத் தீப்பொறி வந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் வேண்டாம். ஏ.பி.சி. உலர்தூள் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால், வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, முள்ளை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீசுங்கள். சில விநாடிகளில் அடங்கவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். இதைக் குழந்தைகளுக்கு விளையாட்டாகவே ஒருமுறை செய்துகாட்டிவிடுங்கள். தீக்காயத்தின் மேல் ஓடும் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். ஐஸும் பற்பசையும் எண்ணெயும் வேண்டாம்.

கழற்றும்போது

நிஜ மரத்தை நான்கு வாரத்துக்கு மேல் வீட்டில் வைத்திருக்காதீர்கள். இலை கொட்ட ஆரம்பித்தால் அதற்கு முன்பே வெளியேற்றுங்கள். வீட்டுச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், துண்டு போட்டுக் கணப்பு அடுப்பில் எரிக்கவும் செய்யாதீர்கள். பரிசுப்பொருள் சுற்றிய காகிதமும் அப்படித்தான், பறக்கும் சாம்பலோடு நெருப்பும் பறக்கும்.

சரங்களைப் பிடித்து இழுக்காமல் ஒவ்வொன்றாக விடுவித்து, ஓர் அட்டையில் தளர்வாகச் சுற்றி, ஈரமும் எலியும் வராத மூடிய பெட்டியில் வையுங்கள். சுற்றிக்கொண்டே போகும்போது அதே சோதனையை மறுபடி செய்யுங்கள், நட்சத்திரத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். சந்தேகமான சரத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டிக்குள் போடாதீர்கள். அடுத்த டிசம்பரில் அதைத் திறப்பது நீங்களாக இல்லாமல் போகலாம், எந்தச் சரம் என்றும் நினைவிருக்காது. சுவரிலிருந்து ப்ளக்கைக் கழற்றியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டு, ப்ளக்கை வயரோடு சேர்த்து வெட்டிவிட்டு, அப்புறம் தூக்கிப் போடுங்கள். அப்போதுதான் குப்பையிலிருந்து எடுத்து வேறு யாரும் அதைத் தங்கள் வீட்டில் மாட்ட மாட்டார்கள்.